வீட்டிலே ஒரு லினக்ஸ் ஆய்வுக்கூடம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

ஆய்வுக்கூடம் என்றதும் நம் நினைவிற்கு வருவன யாவை? சோதனைக் குழாய்களும், பியூரெட்டும், மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியுமே அன்றோ? ஆனால் குழாயும் இன்றி, அமிலமும் இன்றி, ஒரு பழைய மேசையும் ஒரு பழைய கணிப்பொறியும் கொண்டே வீட்டில் ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கலாம். அதில் நாம் செய்யும் சோதனைகளுக்கு மூலப்பொருள், பிறர் பயனற்றது என ஒதுக்கிய இயந்திரம். அதற்கு உயிரூட்டும் மருந்து, 'லினக்ஸ்' என்னும் இயங்குதளம்.

இதனை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, தனக்கு வேண்டிய சில பாதுகாப்பு உறுப்புகள் இல்லாத பழைய கணிப்பொறிகளை ஏற்பதில்லை. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகள் பல காயலான் கடைக்குப் புறப்பட ஆயத்தமாகிவிட்டன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே என்றும் 2024-இல் வெளியான உலக மின்கழிவு அறிக்கை கூறுகிறது. எஞ்சியது எங்கே போயிற்று? அதில் ஒரு பகுதி குப்பை மேட்டிற்கும், மண்ணிற்கும், நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு கணிப்பொறியை இன்னும் ஐந்து ஆண்டுகள் உழைக்கச் செய்வது அந்த மேட்டிலிருந்து ஒரு கூடையை அள்ளுவதற்கு ஒப்பாகும்.

எங்கள் வீட்டில் உடன்பிறந்தார் மூவரும் அப்பாவின் மேற்பார்வையில் அமைத்த ஆய்வுக்கூடத்தின் அனுபவத்தைக் கொண்டு, அதனை அமைக்கும் முறையை இங்கே விளக்குவோம்.

லினக்ஸ் பிறந்த கதை

பின்லாந்து நாட்டின் தலைநகரமாகிய ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பல்கலைக்கழக மாணவர் இருந்தார். 1991 ஜனவரியில் அவர் '386' என்னும் செயலியைக் கொண்ட கணிப்பொறி ஒன்றை வாங்கினார். அதன் உள்ளே என்னதான் நடக்கிறது என்று அறியும் ஆவலே அவரைத் தூண்டியது. அவ்வாண்டு ஆகஸ்டு 25 அன்று, பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், அது பெரிதாக ஒன்றும் ஆகாது என்றும் பிற ஆர்வலர்க்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. செப்டம்பரில் முதல் பதிப்பு வெளிவந்தது. அவர் தம் படைப்புக்கு இட எண்ணிய பெயர் 'ஃப்ரீயாக்ஸ்'. அதனை வைக்கக் கணிப்பொறியில் இடம் கொடுத்த நண்பர் ஆரி லெம்கேயோ 'லினக்ஸ்' என்று பெயர் எழுதிவிட்டார். அப்பெயரே நிலைத்தது.

இங்கே ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். லினக்ஸ் என்பது உண்மையில் இயங்குதளத்தின் கரு மட்டுமே. அதனைச் சூழ்ந்து வேண்டிய கருவிகள் பலவற்றை, 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த 'க்னூ' என்னும் திட்டத்தினர் முன்னரே எழுதி வைத்திருந்தனர். இரண்டும் சேர்ந்தே முழு இயங்குதளம் ஆயிற்று. இதனை எவரும் பயன்படுத்தலாம், நிரலைப் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். விலை இல்லை என்பதினும், திறந்து பார்க்க உரிமை உண்டு என்பதே இதன் பெருமை.

பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அவர் கூறியது என்னவாயிற்று? உலகின் அதிவேக மீக்கணிப்பொறிகள் 500-இன் பட்டியலில் உள்ள அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசியின் கருவும் லினக்ஸே. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் பறந்த 'இன்ஜெனுவிட்டி' என்ற சிறு ஹெலிகாப்டரும் லினக்ஸின் துணைகொண்டே பறந்தது. செவ்வாயில் பறந்த ஒன்று நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஓடாதா என்ன?

நோயாளியைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாப் பழைய கணிப்பொறியும் இதற்குத் தகுதியுடையது அன்று. முதலில் பார்க்க வேண்டியது அது 64-பிட் செயலி உடையதா என்பது. நாங்கள் தேர்ந்தெடுத்த 'டெபியன்' என்னும் லினக்ஸ் தொகுப்பின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. அது பழைய 32-பிட் கணிப்பொறிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. டோர்வால்ட்ஸ் முதன்முதலில் வாங்கிய 386 செயலியையே லினக்ஸ் கரு 2012 டிசம்பரில் கைவிட முடிவு செய்தது என்றால், காலத்தின் வேகத்தை என்னென்பது!

அடுத்துப் பார்க்க வேண்டியது 'ராம்' எனப்படும் நினைவகம். 4 ஜி.பி. இருந்தால் வண்ணத்திரையுடன் கூடிய எளிய மேசைத்தளம் ஓடும். 2 ஜி.பி. மட்டுமே இருந்தால், திரையே இல்லாமல் மூலையில் இருந்து வேலை செய்யும் சேவகனாக அதனைப் பயன்படுத்தலாம். ராம் வாங்கச் செல்வோர் ஒன்றை மறக்கக் கூடாது. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று அதில் தலைமுறைகள் உண்டு. ஒவ்வொரு தலைமுறைக்கும் அடிப்புற வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றிற்குரியது மற்றொன்றில் பொருந்தாது. மடிக்கணினியின் ராம் அளவில் சிறியது. ஆகவே பழைய துண்டைக் கழற்றிக் கையோடு எடுத்துச் சென்று கடைக்காரரிடம் காட்டுவதே சிறந்த வழி.

பழைய கணிப்பொறி கிடைக்காதவர்க்கு வேறொரு வழியும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த 'ராஸ்பெர்ரி பை' என்னும் பலகை, உள்ளங்கையில் அடங்கும் முழுக் கணிப்பொறி. மாணவர்கள் பிரித்துப் பூட்டிக் கற்க வேண்டும் என்பதற்காகவே அது படைக்கப்பட்டது. அதன் ஓரத்தில் உள்ள ஊசிகளில் சிறு விளக்கையும் வெப்பமானியையும் இணைத்து நம் கட்டளைக்கு ஆட்டுவிக்கலாம்.

திறந்து பார்ப்போம்

கணிப்பொறியின் பெட்டியைத் திறக்கும் முன் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் சில. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பிறகு இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பின்பே உறுப்புகளைத் தொட வேண்டும். நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரிவதில்லை. நுண்ணிய சில்லுகளுக்கோ அது இடிபோன்றது. மின்னூட்டப் பெட்டியாகிய பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. அதிலுள்ள மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். அது பழுதானால் புதிதாக மாற்றுவதே முறை.

உள்ளே காணும் உறுப்புகளைச் சமையலறையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். செயலி என்பது சமைப்பவர். ராம் என்பது காய் நறுக்கும் மேடை. ஹார்டு டிஸ்க் என்பது சரக்கறை. மதர்போர்டு என்பது இவை அனைத்தும் அமைந்த சமையற்கட்டு. மேடை சிறிதாயின், சமைப்பவர் எத்துணை வல்லவராயினும் அடிக்கடி சரக்கறைக்கு ஓட வேண்டியிருக்கும். கணிப்பொறி 'மந்தமாகிவிட்டது' என்று நாம் குறைகூறுவது பெரும்பாலும் இந்த ஓட்டத்தினால்தான்.

முதல் வேலை தூசி தட்டுதல். மென்மையான பிரஷ் போதும். மின்விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும், சுழல விடலாகாது. பல ஆண்டுகள் உழைத்த கணிப்பொறியில் செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையே உள்ள பசை காய்ந்து போயிருக்கும். அதனைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிய தெர்மல் பேஸ்ட் இட்டால் வெப்பம் குறையும். ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளை ஊதி, மீண்டும் 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். திரை வராமல் 'பீப் பீப்' என்று கதறும் கணிப்பொறிகள் பல இந்த ஒரு வைத்தியத்திலேயே குணமாகிவிடும்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற மின்கலம் ஒன்று உண்டு. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர், 3 வோல்ட். கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. அது தீர்ந்தால் கணிப்பொறி ஒவ்வொரு நாளும் தான் பிறந்த நாளிலேயே விழித்தெழும். தேதி தவறாயின் இணையத்தின் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும்; ஏனெனில் அவற்றின் சான்றிதழ்கள் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்ற கெடு உடையவை. பெரிய நோய் என்று அஞ்சியதற்குக் காரணம் இச்சிறு மின்கலமாக இருக்கக் கூடும்.

செலவு செய்ய ஒரே ஒரு பொருளுக்குத்தான் வசதி உண்டெனில், அது எஸ்.எஸ்.டி. ஆகட்டும். பழைய ஹார்டு டிஸ்க்கினுள் தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, ஒரு சிறு கை அங்குமிங்கும் அசைந்து தேடிப் படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பொருள் ஏதும் இல்லை. தேடும் நேரம் ஏறக்குறைய இல்லை. எங்கள் கணிப்பொறி திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் முன்பு அம்மா தேநீரே போட்டு முடித்துவிடுவார். இப்போது அடுப்பைப் பற்றவைப்பதற்குள் திரை வந்துவிடுகிறது.

நிறுவும் முறை

வேறொரு கணிப்பொறியில் டெபியனின் கோப்பைப் பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டும். கோப்புடன் 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரிபார்ப்புத் தொடரும் தரப்பட்டிருக்கும். நாம் இறக்கிய கோப்பிலிருந்து அத்தொடரைக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் தொடர் முற்றிலும் மாறிவிடும். வழியில் கோப்பு சிதையவில்லை என்பதை இதனால் அறியலாம். பின்னர் அதனைப் பென் டிரைவில் எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

கணிப்பொறியை இயக்கியவுடன் எஃப் 12 அல்லது எஃப் 2 அல்லது டெலிட் விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். 'லைவ்' எனப்படும் வகையை எழுதியிருந்தால், எதையும் நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். ஒலி கேட்கிறதா, வைஃபை வருகிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று இதிலேயே சோதித்துவிடலாம்.

அடுத்து வருவதே மிக முக்கியமான படி. எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று அது கேட்கும். இங்கே தவறான டிஸ்க்கைச் சுட்டினால், குடும்பத்தின் பத்தாண்டுப் படங்கள் நொடியில் மறைந்துவிடும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது இவ்விடத்திற்கே சொன்ன பழமொழி போலும்! ஆகவே நாங்கள் ஓர் எளிய விதியைக் கைக்கொண்டோம். நிறுவி முடியும்வரை பழைய டிஸ்க்கின் கம்பியைக் கழற்றியே வைத்தோம். இணைக்கப்படாத டிஸ்க்கை எவராலும் அழிக்க முடியாது அல்லவா?

எஞ்சியவை எளியன. மொழி, நேரம், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்கும். பழைய கணிப்பொறிக்கு 'எக்ஸ்.எஃப்.சி.இ.' என்னும் இலகுவான மேசைத்தளம் பொருந்தும். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் கட்டுரைகளைத் தமிழிலேயே தட்டலாம். இக்கட்டுரையும் அவ்வாறு தட்டப்பட்டதே.

நாடி பிடித்துப் பார்த்தல்

லினக்ஸில் கருப்புத் திரை ஒன்றில் கட்டளைகளைத் தட்டலாம். பார்ப்பவர்க்கு அது மந்திரம் போல் தோன்றும். உண்மையில் அது கேள்வி பதில்தான். 'எல்.எஸ்.பி.எல்.கே.' என்று கேட்டால் எத்தனை டிஸ்க்குகள், எவ்வளவு பெரியவை என்று விடை கூறும். 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்றால் மதர்போர்டில் பொருத்தப்பட்ட உறுப்புகளின் பெயர்களைப் படிக்கும். 'ஃப்ரீ' என்றால் நினைவகத்தின் கணக்கு. 'சென்சார்ஸ்' என்றால் செயலியின் வெப்பநிலை. மருத்துவர் நாடி பார்ப்பது போல் இவற்றால் இயந்திரத்தின் உள்நிலையை அறியலாம்.

இவற்றுள் எங்கள் வீட்டார் என்றும் மறவாத ஒன்று உண்டு. 'ஸ்மார்ட்' என்பது ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பேடு. லினக்ஸை எஸ்.எஸ்.டி.யில் நிறுவிய பின், பழைய டிஸ்க்கை இணைத்து அக்குறிப்பேட்டைப் படித்தோம். தலைப்பில் 'தேர்ச்சி' என்றே இருந்தது. ஆயினும் கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது, படிக்க இயலாமல் காத்திருக்கும் கட்டங்கள் 16 என்று கண்டோம். மொத்தத்தில் தேர்ச்சி பெற்ற மாணவியின் மதிப்பெண் பட்டியலில் ஒரு பாடம் மட்டும் சரிந்துகொண்டிருப்பதைப் போன்றது இது. மேலே உள்ள ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது.

அந்த டிஸ்க்கில் தாத்தா பாட்டியின் திருமணப் பொன்விழாப் படங்கள் இருந்தன. விழா முடிந்த மறு ஆண்டில் தாத்தா காலமானார். அப்படங்களுக்கு வேறு படி இல்லை.

உடனே கணிப்பொறியை அணைத்தோம். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கைப் பழுதுபார்க்க முயல்வதும், அதிலேயே கோப்புகளைத் திறந்து திறந்து பார்ப்பதும் கூடாது. ஒவ்வொரு சுழற்சியும் அதன் ஆயுளைக் குறைக்கும். இரண்டு நாளில் புதிய வெளி டிஸ்க் ஒன்றை அப்பா வாங்கி வந்தார். 'டிடி ரெஸ்க்யூ' என்னும் க்னூ கருவியை ஓட்டினோம். அதன் முறை அறிவுடையது. தேர்வில் நல்ல மாணவி தெரிந்த வினாக்களுக்கு முதலில் விடை எழுதிவிட்டுக் கடினமானவற்றைப் பின்பு எடுத்துக்கொள்வது போல, அது நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் படியெடுத்துவிட்டுச் சிதைந்த இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது. எங்கே விட்டது என்ற குறிப்பையும் எழுதிவைக்கிறது. இடையில் நின்றாலும் நின்ற இடத்திலிருந்தே தொடரலாம்.

இரவு முழுவதும் அது ஓடிற்று. காலையில் குறிப்பேட்டைப் பார்த்தபோது கெட்ட கட்டங்கள் 40-ஐத் தாண்டியிருந்தன. ஆனால் படங்கள் வந்து சேர்ந்துவிட்டன. இரண்டே இரண்டு படங்களில் மட்டும் கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டையாக வந்தது. பாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதி மறைந்த ஒரு படத்தில் தாத்தாவின் முகம் மேற்பாதியில் இருந்தது. "முகம் இருக்கிறதே, அது போதும்" என்றார். கட்டளை கற்றதன் பயன் அன்று எங்களுக்கு விளங்கிற்று.

ஒன்று என்பது ஒன்றுமில்லை

அந்த இரவிற்குப் பின் எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதல் வேலை, வீட்டின் ஏட்டுக் காவலனாக இருப்பது என்று முடிவாயிற்று. இதற்கு அறிஞர் கூறும் எளிய விதி '3-2-1'. எந்தக் கோப்பிற்கும் 3 படிகள். அவை 2 வகைச் சாதனங்களில். அவற்றுள் 1 வீட்டிற்கு வெளியே. வீட்டிற்கு வெளியே ஏன்? வெள்ளமோ திருட்டோ வந்தால் ஒரே கூரையின் கீழ் உள்ள மூன்று படிகளும் ஒருங்கே போய்விடும் அன்றோ? எங்கள் மூன்றாம் படி மாதம் ஒரு முறை அத்தை வீட்டிற்குச் செல்கிறது.

இதனைச் செய்யும் விதம் இது. வீட்டு ரௌட்டரில் கணிப்பொறிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டிற்குள் மட்டும் செல்லுபவை. தெருவில் உள்ளோர்க்கு நம் வீட்டு அறைகளின் பெயர் தெரியாதது போல, வெளி இணையத்திற்கு இவை தெரியா. பின்பு 'சாம்பா' என்னும் மென்பொருளை நிறுவினால், வீட்டிலுள்ள பிற கணிப்பொறிகளும் கைபேசிகளும் அதில் கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம். இரவு 10 மணிக்கு 'ஆர்சிங்க்' என்ற கருவி தானே விழித்து, அன்று மாறிய கோப்புகளை மட்டும் இரண்டாம் டிஸ்க்கிற்குப் படியெடுக்கும். மாறாதவற்றை அது தொடுவதில்லை. ஆகவே சில நிமிடங்களில் வேலை முடிகிறது.

திரையும் விசைப்பலகையும் இல்லாத அந்தக் கணிப்பொறியை அடுத்த அறையிலிருந்து இயக்க 'எஸ்.எஸ்.எச்.' உதவுகிறது. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டபோது, அங்கிருந்த தாதூ யுலோனன் என்பவர் இதனைப் படைத்தார். வழியில் ஒட்டுக்கேட்பவர்க்கு எதுவும் புரியாதபடி செய்திகளைப் பூட்டி அனுப்புவதே இதன் சிறப்பு. எனினும் பாதுகாப்பு நம் கையில் உள்ளது. ரௌட்டரின் கதவை வெளியுலகிற்குத் திறந்து வைக்கலாகாது. வாரம் ஒருமுறை திருத்தங்களை நிறுவ வேண்டும். எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் வைத்தல், பூட்டிய வீட்டின் சாவியை வாயிற்படியில் வைப்பதற்கு ஒப்பாகும்.

மின்சாரக் கணக்கு

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பர். எங்கள் கணிப்பொறி வேலையின்றி இருக்கையில் ஏறத்தாழ 40 வாட் எடுக்கிறது. நாள் முழுவதும் ஓடினால் 960 வாட்-மணி, அதாவது 0.96 யூனிட். இரண்டு மாதத்திற்கு 57.6 யூனிட் ஆகும்! அம்மா இக்கணக்கைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினார். ஆகவே மாலை 5 முதல் 11 வரை 6 மணி நேரம் மட்டும் ஓட விடுகிறோம். பயாஸில் குறித்துவிட்டால் குறித்த நேரத்தில் தானே எழுந்துகொள்ளும். இப்போது இரண்டு மாதத்திற்கு 14.4 யூனிட்தான். 5 வாட் மட்டும் எடுக்கும் சிறு பலகையாயின் இரவு பகலாக ஓடினாலும் 7.2 யூனிட் போதும். இயற்பியல் வகுப்பில் படித்த வாட்-மணிக் கணக்கு வீட்டிற்கு உதவிய நாள் அது.

திடீரென மின்சாரம் நின்றால் என்னாகும்? லினக்ஸின் 'எக்ஸ்ட்4' என்னும் கோப்பு முறை, தான் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பின்பே செய்யும். பாதியில் நின்றால் மறுமுறை விழித்ததும் குறிப்பேட்டைப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும். ஆயினும் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு போகக்கூடும். எனவே சிறிய யு.பி.எஸ். ஒன்று இருப்பது நலம்.

குறைகளும் உண்டு

நிறைகளை மட்டும் கூறினால் அது விளம்பரமாகிவிடும். விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் பல லினக்ஸில் ஓடா. சில அச்சுப்பொறிகள் பிடிவாதம் பிடிக்கும். சில வைஃபை சில்லுகளுக்குத் தனியே ஒரு துணைக்கோப்பு வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அவை நிறுவும் கோப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. அலுவலக வேலைக்குக் குறிப்பிட்ட மென்பொருளையே நம்பியிருக்கும் பெற்றோரின் கணிப்பொறியில் கைவைக்காதீர்கள். ஒதுக்கப்பட்ட கணிப்பொறியே நம் ஆய்வுக்கூடத்திற்கு உரியது.

பெண்களுக்கு எதற்கு?

திருப்புளியும் கையுமாக எங்களைக் கண்ட உறவினர் ஒருவர், "பெண்பிள்ளைகளுக்கு எதற்கு இந்த மெக்கானிக் வேலை?" என்று வினவினார். அவருக்கு விடையாக ஒரு துறவியின் வரலாற்றைக் கூற விரும்புகிறோம். அமெரிக்காவில் முதன்முதலாகக் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற இருவருள் ஒருவர், அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் ஆவார். 1965-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற அவர், அயோவா மாநிலத்தின் டுபூக் நகரில் உள்ள கிளார்க் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் துறையைத் தோற்றுவித்து, இருபது ஆண்டுகள் அதனை நடத்தினார். அக்காலத்துக் கணிப்பொறி அறையளவு பெரியது. துறவு உடையணிந்த ஒரு பெண்மணி அதன்முன் அஞ்சாது நின்றார் என்றால், இன்று மேசையளவு பெட்டியைத் திறக்க நாம் அஞ்சலாமா?

முடிவுரை

வீட்டு ஆய்வுக்கூடத்திற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு பழைய கணிப்பொறி, ஒரு ஸ்டார் திருப்புளி, ஒரு பென் டிரைவ், பொறுமை ஆகிய நான்கும் போதும். கழற்றிய திருகாணிகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணமும், எதனை எங்கிருந்து கழற்றினோம் என்று எழுதிவைக்க ஒரு நோட்டும் இருந்தால் பின்னர்த் திண்டாட வேண்டியதில்லை. அறிவியல் பதிவேட்டில் எழுதுவது போலவே நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்று எழுதி வாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கணிப்பொறி வாங்கும்போது பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன், அதிலுள்ள படங்களுக்கும் பத்திரங்களுக்கும் வேறு படி உண்டா என்று பாருங்கள். பிறகு அதனை உங்கள் மகளிடம் கொடுங்கள். அல்லது பள்ளியின் அறிவியல் மன்றத்திற்கு அளியுங்கள். வீட்டில் கணிப்பொறி இல்லாத தோழியர் நம் வகுப்புகளில் உள்ளனர். தூசி தட்டி, ரப்பரால் தேய்த்து, லினக்ஸ் நிறுவிய ஒரு பெட்டி அவர்களுள் ஒருத்திக்குக் கல்விச் செல்வமாகலாம்.

தோழியரே! பயன்படுத்தும் பொருளின் உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் பழக்கமே அறிவியல். அக்கேள்வியை ஹெல்சின்கியில் ஒரு மாணவர் கேட்டதால் லினக்ஸ் பிறந்தது. வரும் கோடை விடுமுறையில் நாமும் ஒரு பெட்டியைத் திறந்து அதே கேள்வியைக் கேட்போமாக!